அரக்குக் கரைச் சால்வை

பிரவீனா பதினாறு வருஷமாக ஒரு பெண்கள் பத்திரிகையில் புடவை, ஜாக்கெட், நகை பற்றி எழுதியவள். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அவள் வீட்டுக் கூடத்தில்தான் பதினொரு வருஷமாக மாதந்தோறும் இலக்கியக் கூட்டம். நாற்காலி அவளுடையது, காபி அவளுடையது, பரிசாகப் போர்த்தும் சால்வைகூட அவள் தேர்ந்தெடுப்பது. கதை மட்டும் மற்றவர்களுடையது. ஜாக்கெட் பற்றி எழுதும் அம்மாவுக்குக் கதை என்ன தெரியும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே அத்தனை வருஷமும் ஓட்டிவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்.

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கதைகளைப் பெயர் போடாமல் பெட்டியில் போட வேண்டும். தலைவர் ஒன்றை எடுத்து வாசிப்பார். முடிந்ததும் எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும், சால்வை அவருக்கு.

போன மாதம் பத்திரிகை நின்றுபோனது. எழுத வேறு இடமில்லாத பிரவீனா, தன் முதல் கதையைப் பெட்டியில் போட்டாள். இவர்கள் வாயால் ஒரே ஒரு தடவை எழுத்தாளர் என்று கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அரக்குக் கரை போட்ட சால்வையைக் கண்ணாடி முன் நின்று தனக்கே போர்த்திப் பார்த்தும் வைத்தாள்.

தலைவர் அக்பர் பாஷா, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் வியாபாரம் செய்பவர், எடுத்தது அவள் கதையைத்தான். தொழிற்சாலைப் பெண் ஒருத்தி, யூனிஃபார்முக்கு உள்பக்கம் தன் கல்யாணப் புடவையின் துண்டைத் தைத்துக்கொள்ளும் கதை. கடைசிப் பத்தியை அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"யாருங்க இத எழுதுனது? எந்திரிங்க."

பிரவீனா எழுந்தாள்.

"ஆமாங்க மேடம், காபி கொண்டாந்துருங்க. எனக்குச் சக்கர கம்மியா," என்றார் அவர். மறுபடி கூட்டத்தைத் துழாவினார். "ஃபேக்டரி கதைன்னா நம்ம சிவராஜுதான்!"

கம்பெனி சூப்பர்வைசர் சிவராஜ் இல்லையென்று சொல்லவில்லை. தலை குனிந்து சிரித்தான். எல்லாரும் கைதட்டினார்கள்.

நான்தான் என்று அவள் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லி, அவர்கள் சிரித்துவிட்டால்? பயந்துபோய்ச் சமையலறைக்குள் நுழைந்தாள். பால் பொங்கும்வரை அழுதாள்.

காபித் தட்டோடு திரும்பியபோது அக்பர் பாஷா சால்வையை நீட்டினார்.

"எப்பவும்போல நீங்களே போத்திருங்க மேடம்."

சிவராஜுக்குப் போர்த்தினாள். மடிப்பு ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கைப்பழக்கத்தில் அதையும் நீவிச் சரிசெய்தாள்.

"இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்குங்க," என்றாள்.