சண்முகத்தாய் போடாத கையெழுத்து

பிஎச்.டி. இடத்துக்கு முதல் முறை விண்ணப்பித்தபோது பானுப்பிரியாவுக்கு இரண்டே வரியில் பதில் வந்தது. வேதியியல் நன்றாக இருக்கிறது; ஆனால் இந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் யார் என்று எங்கேயும் காணோம் என்று எழுதியிருந்தார்கள்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளே அவள்தான். ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அம்மா சண்முகத்தாய்க்குப் பதினெட்டு வருடமாகப் பட்டாசுக் கம்பெனி வேலை. பானுப்பிரியா சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, சாத்தூரில் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் இருந்தாள். பட்டாசு மருந்தில் பெர்குளோரேட் என்று ஒரு உப்பு சேர்ப்பார்கள். தண்ணீரில் சட்டென்று கரையும். கூடுதலாக உடம்புக்குள் போனால் தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுக்கும். அது தன் ஊர்த் தண்ணீரில் இருக்கிறதா, இல்லையா? யாரும் அளந்து சொன்னதாக அவளுக்குத் தெரியவில்லை. அளக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. பெங்களூரில் ஒரு நிறுவனம் இந்த மாதிரி ஆய்வுக்கு ஐந்து வருட உதவித்தொகையோடு பிஎச்.டி. இடம் கொடுத்தது. அங்கேதான் விண்ணப்பித்திருந்தாள்.

கோபம் ஆறிய பிறகு தன் விண்ணப்பத்தை எடுத்துத் திரும்பப் படித்தாள். பதினான்கு பக்கத்தில் ஒரு மனுஷிகூட இல்லை. ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்து, தன் ஊரையே தன் கையால் அழித்திருந்தாள்.

மறுவருடம் முதலிலிருந்து தொடங்கினாள். விதிப்படி இரண்டு துறைகளிலிருந்து இரண்டு வழிகாட்டிகள் வேண்டும். வேதியியலுக்கு அவளுடைய பழைய பேராசிரியரே ஒப்புக்கொண்டார். சமூகவியலில் பதினொரு பேருக்கு மெயில் அனுப்பினாள். ஒன்பது பேர் பதிலே போடவில்லை. ஒருவர் நேரமில்லை என்றார். கடைசியாகக் கற்பகவல்லி என்ற பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி எழுதினார்: ‘ஊரில் கேட்டுவிட்டீர்களா?’

கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனாள். குழுத் தலைவி சுப்புலட்சுமி பட்டாசுத் திரி வெட்டுகிற வேலை பார்ப்பவள், பானுப்பிரியாவுக்குச் சித்தி முறை. விஷயத்தைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

“முன்ன ஒரு கூட்டம் கார்ல வந்து எங்ககிட்ட ரத்தம் எடுத்துட்டுப் போச்சு தாயி. அதுல என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல. நீயும் எடுத்துட்டுப் போவ.”

பின்னாலிருந்து இன்னொருத்தி, “கெட்ட தண்ணின்னு எழுதிட்டு நீ பெங்களூருக்குப் போயிருவ. மறுநா நாங்க எதக் குடிக்க?” என்றாள். கம்பெனியை மூடிவிட்டால் என்ன செய்வது என்று வேறு சிலருக்குப் பயம்.

மூன்றுக்கும் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்தாள்.

ஒரு வாரம் அந்தக் கேள்விகளோடேயே ஆய்வகத்துக்குப் போய் வந்தாள். அடுத்த ஞாயிறு வெள்ளைத் தாளோடு போய், “நீங்களே சொல்லுங்க, நான் எழுதுறேன்” என்று உட்கார்ந்தாள். அன்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினாள். முடிவு எதுவானாலும் வெளியே போவதற்கு முன் முதலில் ஊருக்குத் தெரிய வேண்டும். எந்த வீடு, எந்தக் கம்பெனி என்ற பெயர் வரக்கூடாது. தண்ணீர் சரியில்லை என்றால் மாற்றுக்கு என்ன வழி என்பதும் ஆராய்ச்சியிலேயே இருக்க வேண்டும், அதை இங்குள்ள பெண்களோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையால் அவளுடைய திட்டமே மாறிப்போனது. புதிதாக ஒரு முழு அத்தியாயம் சேர்ந்தது. கற்பகவல்லி அதைப் படித்துவிட்டு, வழிகாட்டியாக இருக்கச் சம்மதம் என்று எழுதினார்.

அந்த நிபந்தனைகளை ஒரு சம்மதக் கடிதமாக எழுதினாள்; இருபத்து மூன்று வீட்டுப் பெண்கள் அதில் கையெழுத்துப் போட்டார்கள். சண்முகத்தாய் போடவில்லை.

“கம்பெனி போர்மேன் இப்பவே கேக்காரு, ஒம் மக என்னமோ தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணப் போறாளாமேன்னு. ஒனக்கு இது படிப்பு. எனக்கு இதுதான் சோறு” என்றாள்.

ஊரே போட்டிருக்கிறது, பெற்றவள் போடவில்லை. கெஞ்சினால் ஒருவேளை போடுவாள் என்று பானுப்பிரியாவுக்குத் தெரியும். கெஞ்சவில்லை. இருபத்து மூன்று பெயர்கள் உள்ள அந்தக் கடிதத்தையும் இணைத்து, கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது விண்ணப்பத்தை அனுப்பினாள்.

மார்ச்சில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. சாத்தூரில் ரயிலேறிப் போனாள். தேர்வுக் குழுவில் மூன்று பேர். வேதியியல் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு நடுவில் இருந்தவர் அந்தக் கடிதத்தைக் கையில் எடுத்தார். ஆய்வு முடிவுகள் நிறுவனத்துக்குச் சொந்தம், ஊருக்கு முதலில் சொல்வதாக எப்படி வாக்குக் கொடுத்தீர்கள், அந்த வரியை எடுத்துவிட முடியுமா என்றார்.

முடியாது என்றாள். அந்த வரியை நம்பித்தான் இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்தால் கையெழுத்து செல்லாது, கையெழுத்து இல்லாமல் தண்ணீர் எடுக்க மாட்டேன் என்று விளக்கினாள். இதனாலேயே இடம் கிடைக்காமல் போகலாம் என்று அவர் எச்சரித்தார். “அப்படியானால் அடுத்த வருடமும் இதே கடிதத்தோடுதான் வருவேன், சார்” என்றாள்.

ஓரத்தில் இருந்த அம்மையார் அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். உங்கள் அம்மாவும் பட்டாசுத் தொழிலாளி என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் பெயர் இதில் எது என்று கேட்டார்.

“அவங்க கையெழுத்துப் போடலை மேடம். மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கும் உரிமை இருக்கு. எங்க வீட்டுத் தண்ணீர் இந்த ஆய்வில் இருக்காது.”

அம்மையார் எதையோ குறித்துக்கொண்டார். அது நல்லதா கெட்டதா என்று தெரியாமலேயே ஊர் திரும்பினாள்.

ஏப்ரலில் வந்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. காத்திருப்போர் வரிசையில் இரண்டாவதாக இருந்தது. மறுநாள் வேறு இரண்டு உதவித்தொகைகளின் படிவங்களை இறக்கி நிரப்பத் தொடங்கினாள். இரண்டிலும் அதே கடிதத்தை இணைத்தாள். ஐந்தாவது வாரம், அந்த இரண்டாவது படிவத்தில் பாதி நிரம்பியிருந்தபோது, பெங்களூரிலிருந்து மெயில் வந்தது. இரண்டு பேர் விலகியிருந்தார்கள். ஆய்வில் மனிதர்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் நெறிமுறைக் குழு அந்தக் கடிதத்தை ஏற்றால் இடம் உறுதி. ஜூலையில் நெறிமுறைக் குழு ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்றது.

வீட்டில் சொன்னபோது சண்முகத்தாய் மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு, நம்ம வீட்டுத் தண்ணியை மட்டும் நிஜமாவே எடுக்கமாட்டியா என்று கேட்டாள்.

“கையெழுத்து இல்லாம எடுக்க முடியாதும்மா.”

“மத்தவுகளுக்கு என்ன வருதுன்னு எனக்குச் சொல்லுவியா?”

“அவுக சம்மதிச்சாச் சொல்லுவேன்.”

அம்மா கோபித்துக்கொள்வாள் என்று பானுப்பிரியா நினைத்தாள். “அப்பம் அவளுககிட்டயே கேட்டுக்கிடுதேன்” என்று சண்முகத்தாய் சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கம்பெனி வேனுக்கு நடந்தாள். அவள் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. மகளும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

ஆகஸ்டில் முதல் மாதிரி சுப்புலட்சுமி வீட்டுப் போர்வெல்லில். மோட்டாரைப் போட்டதும் பாட்டிலை நீட்டாமல் நின்ற பானுப்பிரியாவைப் பார்த்து, ஏன் தண்ணியை வீணாக்குற என்று சுப்புலட்சுமி கேட்டாள். குழாயில் தேங்கியது போய் அடியில் இருக்கிற தண்ணீர் வரணும் என்று விளக்கினாள். சுப்புலட்சுமி உடனே ஒரு குடத்தைக் கொண்டுவந்து குழாயடியில் வைத்தாள். குடம் நிரம்பி, இரண்டாவது குடமும் நிரம்பிய பிறகு பானுப்பிரியா பாட்டிலை நீட்டினாள். மூடியை இறுக்கி, தேதியும் ஒன்று என்ற எண்ணும் எழுதி ஒட்டினாள். பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.