ஒன்பது வருஷத்துப் பிணம்

காலை ஏழு மணிக்கு மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தால், மால்சுக் பிணமாகி எழுந்திருக்கப் பத்தரை ஆகிவிடும். பாஜு நகரில், இடிக்கப்போகிறோம் என்று காலி செய்துவிட்டு இன்னும் இடிக்காமலே நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புதான் படப்பிடிப்புத் தளம். செத்தவர்கள் எழுந்து நடமாடும் அந்த ஜாம்பித் தொடர் ஒன்பது வருடமாக ஓடுகிறது; கதையில் நான்கு கதாநாயகர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஜனங்களுக்கு மட்டும் சலிக்கவே இல்லை. நிலைத்தது பிணங்கள்தான், அதிலும் கூட்டத்தில் பிணமாக நடிக்கும் ஐம்பத்தேழு வயது மால்சுக்கும் அவள் சிநேகிதி கும்ரேயும்.

எத்தனை தடவை செத்தாலும் மறுநாள் வேறு சட்டை மாட்டிக்கொண்டு வரலாம். முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்துவிடக் கூடாது. மூன்றாவது சீசனில் தலை நசுங்கிய கசாப்புக்கடைக்காரர் ஐந்தாவதில் ஜம்மென்று நடந்து வந்ததை ரசிகர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கண்டுபிடித்து, கம்பெனியின் மானத்தை வாங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து முகம் காட்டியவருக்கு இங்கே வேலை கிடையாது.

மதியம் சூப்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தபோது உதவி இயக்குநர் ஷின் மால்சுக்கிடம் வந்தான். வயதான துணை நடிகைகள் எல்லாரும் அவனுக்குச் சித்திதான்.

"சித்தி, கண்ணாடிக் கதவுல மூஞ்சிய அழுத்திட்டு நிக்கணும். முழு க்ளோசப். யோசிச்சுச் சொல்லுங்க."

அவன் நகர்ந்ததும் கும்ரே கரண்டியை வைத்தாள். "வேணாம்க்கா. மூஞ்சியக் காட்டினா இதோட சரி. அப்புறம் நான் யாரோட உக்காந்து சாப்பிடுறது?"

மால்சுக்குக்கு அது தெரியாமலில்லை. கணவன் போன பிறகு காலையில் எழுந்திருக்க அவளுக்கு இருந்த ஒரே காரணம் இந்தப் பிணக்கூட்டம்தான். ஆனால் சாங்வோன் ஊரில் இருக்கும் மகள் ஹ்யேரிம் ஒரு வாரம் விடாமல் தொடரைப் பார்க்கிறாள். "அம்மா, எங்க நின்ன? தெரியவே இல்லையே" என்று ஒன்பது வருடமாகக் கேட்கிறாள். ஒரே ஒரு தடவை அவள் கண்ணில் பட்டுவிட வேண்டும். அந்த ஆசை மனதை அரித்தது.

சரி என்றாள்.

முதல் டேக் வீண். மகள் துள்ளிக் குதிப்பதை நினைத்ததும் உதடு கோணிவிட்டது.

"சித்தி, பொணம் சிரிக்குது!" என்று ஷின் கத்தினான்.

மூன்றாவது டேக்கில் எல்லாரும் கை தட்டினார்கள். கும்ரே தட்டவில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது ஒளிபரப்பானது. மகளிடம் மூச்சு விடவில்லை, அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று. தன் முகம் திரை முழுக்க நிறைந்தபோது மால்சுக் ரிமோட்டை அழுத்தி அதை அப்படியே நிறுத்திவைத்தாள். ஒளிபரப்பு முடிந்த நிமிஷமே மகளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, பாத்தியா? கண்ணாடில மூஞ்சிய அழுத்துச்சே ஒரு கிழவி, யப்பா! தலையணைய எடுத்து மூடிக்கிட்டேன். யாரும்மா அது, உனக்குத் தெரியுமா?"

மால்சுக் வாயைத் திறந்தாள். அதற்குள் மகளே தொடர்ந்தாள்.

"கூட்டத்துல உன்னையும் தேடிப் பாத்தேன், கெடைக்கல. அடுத்த சீசன்லயாவது கொஞ்சம் முன்னால வந்து நில்லும்மா."

"ம்" என்றாள். எதிரே திரையில், கண்ணாடியில் மூக்கு நசுங்க, அவளே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.