விக்டோரியாவின் முட்டுத் தைலம்

ஆறு வருடம் பார்ம்.டி. படித்துவிட்டு, நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநருக்கான ஓராண்டு ரெசிடென்சியில் ஷைஜா சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தன் வேலை இன்னதென்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. டாக்டர்கள் வார்டைச் சுற்றி வரும்போது எங்கே நிற்பது, எப்போது வாய் திறப்பது என்பதே குழப்பம்.

அந்தத் திங்கட்கிழமை குளச்சலிலிருந்து விக்டோரியாவைக் கொண்டுவந்தார்கள். அறுபது வயது, மீன் வியாபாரம். இதய வால்வு மாற்றியவர். ரத்தம் கட்டாமலிருக்கத் தினமும் வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர். இப்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்கவில்லை. ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு மூன்றை ஒட்டி இருக்க வேண்டும்; ஏழைத் தாண்டியிருந்தது.

“மாத்திரையக் கூடப் போட்டிருப்பாங்க,” என்றார் டாக்டர் ராஜகுமார்.

ஷைஜா மாத்திரை அட்டைகளை எண்ணினாள். கணக்குக்கு மேல் ஒன்றுகூடக் குறையவில்லை. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

“வேற மருந்து எதும் எடுத்தீங்களாம்மா?”

“மாதாவாண இல்ல மக்கா.”

போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோது முழங்காலிலிருந்து தைல வாசம் குப்பென்று அடித்தது.

“இது என்னது?”

“எம் மவன் ஆன்றோ துபாயில இருந்து கொண்டாந்தது. முட்டு வேதனைக்கு நாலஞ்சு வாட்டி தேய்ப்பேன். தேய்க்கியதெல்லாம் மருந்தா?”

குப்பியில் மெத்தில் சாலிசிலேட் என்று இருந்தது. அவசரமாகத் தேடிப் படித்தாள். அது தோல் வழியே உள்ளே போய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டுமாம். ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள்.

“இருக்கலாம். ஆனா நாலு நாளா காய்ச்சல், சாப்பாடும் இல்ல. அதுலயும் ஏறும். ரெண்டுல எது?”

“தெரியல சார்.” முகம் சூடானது.

தைலத்தை நிறுத்தினார்கள். வார்ஃபரினையும் நிறுத்தி, வைட்டமின் கே கொடுத்தார்கள். காய்ச்சலும் விட்டது. ஐந்தாம் நாள் அளவு மூன்றுக்கு இறங்கியது. எதனால் இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பக்கவிளைவுப் படிவத்தில் ‘தைலமாக இருக்கலாம்’ என்று எழுதினாள், அடித்தாள், திரும்பவும் அதையே எழுதினாள்.

வீட்டுக்குப் புறப்படும்போது விக்டோரியா கேட்டார். “தைலம் இல்லாம சந்தைக்கு எப்பிடி நடப்பேன் பிள்ள?”

பாராசிட்டமால் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அதுவும் அதிகமானால் அளவு ஏறும். “நில்லுங்கம்மா, கேட்டுட்டு வாறேன்,” என்று ஓடினாள். ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரைக்கு மேல் வேண்டாம், வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்றார் டாக்டர். வார்ஃபரினும் பழையபடி தொடங்கியது.

அடுத்த வாரம் விக்டோரியா மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அளவு இரண்டு புள்ளி எட்டு.

“ரெத்தம் நல்லா இருக்கு, கொள்ளாம். முட்டுதான் அனக்கி நடக்க முடியல்ல. ஒரு வாரமாட்டு சந்தைக்குப் போவல்ல.”

ஷைஜாவுக்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. நல்லதைத்தான் செய்தோமா? அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, முட்டுக்குப் பயிற்சி சொல்லித் தரும் இடம் எந்த மாடியில் என்று விசாரிக்கப் போனாள்.