சேமிக்காத பட்டியல்

பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் ஐரீனுக்கு வேலை வாங்கித் தந்தவரே மேலாளர் ஆரோக்கியநாதன்தான். ஒப்பந்த வேலை; நிரந்தரமாக்கும் கடிதத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். 1996 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவர் அவளை அறைக்குள் அழைத்துக் கதவைத் தாழிட்டுவிட்டுத் தம் லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தினார். ஆட்குறைப்புப் பட்டியலைத் தட்டச்சு செய்ய வேண்டும். நாற்பத்து மூன்று பெயர்கள்.

ஹார்ட் டிஸ்கில் சேமிக்கவே கூடாது என்றார். சேமிக்காதவரை எல்லாம் ரேம் என்கிற தற்காலிக நினைவகத்தில்தான் நிற்குமாம். "கரண்ட் போனா அதோட போயிடும். நீயும் மறந்திடு."

பதினேழாவது பெயர் ஹமீதா. பதினான்கு வருடமாகச் சோதனைப் பிரிவில் வேலை செய்பவள். கெலுகோரில் ஐரீன் குடியிருக்கும் மாடிக்கு மேல்மாடிக்காரி. கம்பெனி பஸ்ஸில் தினமும் பக்கத்து இருக்கை. மேலாளர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஐரீன் தட்டினாள். அதற்குப் பிறகு தட்டிய பெயர்கள் எதுவும் மனதில் ஏறவில்லை. ஒரு பிரதி அச்சானதும் அவர் எதையும் மூடாமல் நேராக லேப்டாப்பின் விசையை அணைத்தார்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் ஹமீதா எதிரே வந்து உட்கார்ந்தாள். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலை ஆள் எடுக்கிறதாம், இன்றோடு முடிகிறதாம். அரை நாள் லீவு போட்டுப் போய்ப் பார்க்கவா வேண்டாமா என்று கேட்டாள்.

"இங்க ஆள் குறைக்கப் போறாங்கன்னு பேச்சு. என் பேரு இருக்கா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுலா அக்கா."

ஹமீதா தலையாட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

மறுநாள் மேலாளர் லேப்டாப்பை அவளிடம் விட்டுவிட்டுக் கோலாலம்பூர் போயிருந்தார். கடிதம் அடிக்கலாமென்று அவள் திறந்தால், கேட்காமலே பட்டியல் திரையில் வந்து நின்றது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தத் தட்டச்சு மென்பொருள் தானாகவே டிஸ்கில் ஒரு பிரதி எழுதிவைக்கும். முறையாக மூடினால்தான் அதை அழிக்கும். அவர் மூடவில்லை. கடைசிப் பிரதிக்குப் பிறகு அடித்த நான்கு பெயர்கள் மட்டும் ரேமோடு போயிருந்தன. மீதி முப்பத்தொன்பதும் அப்படியே இருந்தன.

அழித்துவிடலாமென்று இரண்டு முறை கை வைத்தாள். முடியவில்லை. அச்செடுத்துப் பைக்குள் திணித்தாள்.

மாலை பஸ்ஸில் தாளை நீட்டியபோது ஹமீதா கோபப்படவில்லை.

"எப்போ தெரியும் உனக்கு?"

"நேத்து காலையில."

"நேத்தோட அங்க முடிஞ்சுபோச்சு, ஐரீன்."

பிறகு அவள் எழுந்து நின்று எல்லாப் பெயர்களையும் சத்தமாக வாசித்தாள். சிலர் அழுதார்கள். பெயர் வராத இன்னொரு தொழிலாளி ரொஸ்னா ஹமீதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவுதானா என்று ஐரீனைக் கேட்டாள். இன்னும் நான்கு பேர் உண்டு, யாரென்று நினைவில்லை என்று ஐரீன் சொல்ல வேண்டியதாயிற்று. யாரும் நம்பவில்லை. பஸ் நெடுஞ்சாலையில் நெரிசலில் நின்றது, இறங்கவும் வழியில்லை. சொல்லு, சொல்லு என்று நாற்பது பேர் அவளையே பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை நிர்வாகம் பட்டியலை ஒட்டியது. அந்த நால்வரில் ரொஸ்னாவும் ஒருத்தி. பெண்கள் மேலாளரின் கதவை விட்டு நகராமல் நின்று, ஆட்குறைப்புக்கு இரண்டு மாத அவகாசம் வாங்கினார்கள். ஐரீனின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடியும் என்று கடிதம் வந்தது.

அதுவரை அதே பஸ்தான். ஹமீதா பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை.