ஒன்றாம் எண்ணின் ஆறாவது கட்டம்

1

இந்தக் கதையில் உண்மை என்று எனக்குத் தெரிந்தது அம்மா சொன்ன நாலு வாக்கியம்தான். மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள், கேட்காமலே சொன்னாள்.

"நீ கைப்புள்ளயா இருந்தப்ப டாக்டரம்மா ஒருத்தி மாசாமாசம் வந்து உங்களயெல்லாம் எடை போட்டா. எனக்கு முன்னாடி நிக்கிறவ கருப்பம்மா. அவ புள்ள செத்துப்போச்சு. மறு மாசமும் வந்து வரிசையில நின்னா."

பிறகு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"பெறகென்ன, நீ அழுத. அம்புட்டுத்தான்."

தோலை வாரிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அம்மா இன்னும் நன்றாகத்தான் இருக்கிறாள். ஊர்க்கதை அத்தனையும் பேசுவாள், இதைத் தவிர. மிச்சத்தையெல்லாம் நான் இட்டுக்கட்டியிருக்கிறேன். எது பொய் என்று கண்டுபிடிக்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம், அநேகமாக எல்லாமே.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

1963ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், மதுரையில் மருத்துவ மேற்படிப்புப் படித்துவந்த அப்துல் வாஹித் என்னும் இளைஞர், சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்—

நிறுத்திவிட்டேன். பச்சை உடம்புக்காரிகள் ஓர் இளைஞர் முன்னால் பிள்ளையோடு வரிசையில் நிற்பார்களா? அதோடு, அம்மா தெளிவாக டாக்டரம்மா என்றுதானே சொன்னாள்? இருப்பதே நாலு வாக்கியம், அதையும் ஒழுங்காகக் காதில் வாங்காத ஆள் நான்.

ஆகவே கமர்ஜஹான். திண்டுக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்த நைனா முகமதுவின் மகள். (அந்தக் காலத்தில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் அவ்வளவு படித்தாளா என்று கேட்பீர்கள். அவள் அத்தாவுக்குப் பிடிவாதம் அதிகம். அவளுக்கு அதைவிட அதிகம். இதற்கு மேல் என்னிடம் விளக்கம் இல்லை.) கிராமத்துக் குழந்தைகள் முதல் வருஷத்தில் மாதத்துக்கு எவ்வளவு எடை கூடுகின்றன என்பது அவள் ஆய்வு. அதை எழுதிக் கொடுத்தால்தான் பட்டம்.

தராசு அத்தாவுடையது. மண்டியில் தோல் கட்டுகளை நிறுக்கும் இரும்பு மேடைத் தராசு.

"ஒரு பவுண்டு தப்பாக் காட்டினா ஏவாரி நம்மள சும்மா விடுவானா? இதவிட நேர்மையான தராசு உனக்குக் கெடைக்காதும்மா, கொண்டு போ" என்றார்.

சோடா உப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். அப்படியும் வாடை போகவில்லை.

3

பஞ்சாயத்து ரேடியோ அறை வாசலில் தராசை இறக்கியதுமே பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"தோல் போட்ட தராசுலயா எம்புள்ளய வைக்கணும்?"

"எதுல வச்சா என்ன, புள்ளய எடை போட்டா எளச்சுப் போகும்."

கமர்ஜஹான் அரைமணி நேரம் பேசிப் பார்த்தாள். ஒருத்தியும் அசையவில்லை. படிப்புக்கு இன்றோடு முழுக்குப் போட வேண்டியதுதான் என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டிய நேரத்தில், கைக்குழந்தையோடு கருப்பம்மாள் முன்னால் வந்தாள். மல்லிகைத் தோட்டக்காரி. வாய்க்காரியும்கூட.

"டாக்டரம்மா, மார்க்கெட்டுல பூவ எப்புடி எடை போடுறாக? கூடையோட வச்சுப் பாத்துட்டு, பெறகு வெறுங்கூடைய வச்சுப் பாத்துக் கழிச்சுக்கிறாக. என்னையக் கூடைன்னு நெனச்சுக்கங்க."

குழந்தையோடு ஏறி நின்றாள். பிறகு குழந்தையைப் பின்னால் நின்றவளிடம் கொடுத்துவிட்டுத் தனியாக நின்றாள். கழித்தால் ஆறேகால் பவுண்டு.

"நீங்க போட்டது என் எடைய. புள்ளய யாரும் போடல. எந்தக் கண்ணும் படாது" என்று இறங்கினாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வரிசை தானாகச் சேர்ந்தது.

அன்றைக்குக் கருப்பம்மாள் குழந்தை ஒன்றாம் எண். பின்னால் நின்று அதை வாங்கிக்கொண்டவள் பொன்னழகு, என் அம்மா. நான் இரண்டாம் எண். மாதாமாதம் அதே வரிசைதான். அம்மாவின் ஒரு தோளில் நான், மறு தோளில் அது. (இதை அம்மா சொல்லவில்லை. ஆனால் வேறு எப்படி நடந்திருக்கும்?)

4

ஒன்றாம் எண்: ஆறேகால், எட்டு, ஒன்பதரை, பத்தரை, பத்தேமுக்கால்.

ஐந்தாம் மாதம் கால் பவுண்டுதான் கூடியிருந்தது. தராசில் கால் பவுண்டுக்குக் கீழே கோடு கிடையாது. தராசின் பிசகாக இருக்கும் என்று எழுதிக்கொண்டு, "அடுத்தது" என்றாள் கமர்ஜஹான். அடுத்தது நான். மூன்று வாரம் கழித்துக் கருப்பம்மாளின் குழந்தை பேதியில் போய்விட்டது. எடை போட்ட அன்றைக்குக் கமர்ஜஹான் எண்ணைப் பார்த்தாள், குழந்தையைப் பார்க்கவில்லை. அவளுக்கும் அது தெரியும்.

(இந்த இடத்தில் அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் அழுவது நான். எடுத்துவிட்டேன்.)

ஆறு மாத எடையாவது இல்லாத குழந்தையை அட்டவணையில் சேர்க்கக்கூடாது என்றார் பேராசிரியர். அவர் சொன்னது நியாயம். நல்ல மனிதரும்கூட. இந்தக் கதைக்கு ஒரு வில்லன் தேடினேன், ஆள் கிடைக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு அதுவரை பெயர் வைத்திருக்கவில்லை, படம் எடுத்ததில்லை. அது பூமியில் இருந்ததற்கு எழுத்தில் சாட்சி இந்த ஐந்து எண்கள்தான். கமர்ஜஹான் பென்சிலால் அவற்றின் மேல் கோடு இழுத்தாள். அழுத்தி இழுக்க முடியவில்லை.

5

ஆறாவது மாதம். வரிசையின் தலையில் கருப்பம்மாள், வெறுங்கையோடு.

"நீங்க எதுக்கும்மா வந்தீங்க?" என்றாள் கமர்ஜஹான்.

"இன்னிக்கி இங்க வர்ற நாளுல்ல. வேற எங்க போறதுன்னு தெரியல." நோட்டை எட்டிப் பார்த்து, "எம்புள்ள அந்த நோட்டுல இருக்குல்ல?" என்றாள்.

இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத பெண்ணாக அவளைப் படைத்துத் தொலைத்துவிட்டேன்.

"ஆறு தடவ எடை போட்டாத்தாம்மா புஸ்தகத்துல வரும். அஞ்சுதான் ஆச்சு."

"அப்ப இன்னம் ஒரு தடவதான?"

சொல்லிவிட்டுத் தராசில் ஏறி நின்றாள். தொண்ணூற்றிரண்டு பவுண்டு காட்டியது. இறங்கவில்லை. கையை இன்னும் மார்போடு மடித்தே வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் என் அம்மா, இடுப்பில் நான்.

6

(அ) அம்மா ஓரடி முன்னால் போய் என்னை அவள் கையில் கொடுக்கிறாள். முள் ஏறுகிறது. கமர்ஜஹான் கழித்துப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு பொய் எண்ணை ஆறாவது கட்டத்தில் எழுதுகிறாள். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு மாதம் ஆகாதவள் கையில் தன் பிள்ளையைக் கொடுக்க அந்த ஊரில் எவளுக்குத் துணிச்சல் வரும்?

(ஆ) அம்மா என்னை இறுக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போகிறாள். கமர்ஜஹான் கருப்பம்மாளைக் கைபிடித்து இறக்குகிறாள். கோடு மையால் இழுக்கப்படுகிறது.

(இ) கமர்ஜஹான் நோட்டை மூடிவிட்டு அவளோடு— இல்லை. இது என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள எழுதியது.

முதல் இரண்டு முடிவிலும் நான் அழுகிறேன். அதுதான் சிக்கல். கைமாறினாலும் குழந்தை அழும், இறுக்கிப் பிடித்தாலும் அழும்.

போன வாரம் நேராகவே கேட்டேன்: "என்னையக் குடுத்தியாம்மா?"

"அவளுக்குப் பெறகு புள்ளயே தங்கலடா" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

7

அந்த டாக்டரம்மாவின் உண்மையான பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எழுதியது மதுரையில் ஏதாவது ஓர் அலமாரியில் இருக்கத்தான் வேண்டும். நான் தேடப் போகவில்லை. பயமாக இருக்கிறது.

நீங்கள் போங்கள். அட்டவணையின் முதல் இரண்டு வரிசையைப் பாருங்கள். இரண்டாம் எண்ணிலிருந்து தொடங்கியிருந்தால், புத்தகத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். அப்போது அம்மாவுக்கு இருபது வயது, அவளுக்கென்று இருந்தது நான் ஒருத்தன். அவளை யாரும் குறை சொல்ல விடமாட்டேன். ஒன்றாம் எண் அங்கே இருந்து, ஆறாவது கட்டத்தில் மேலேயும் கீழேயும் ஒரே எடை எழுதியிருந்தால், அன்றைக்குக் கொஞ்ச நேரம் நான் கருப்பம்மாளுக்கும் பிள்ளையாக இருந்திருக்கிறேன்.