இருமாத பிள்ளைகள்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. மருந்துக்கடை வரிசையில் திருடினேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா, பக்கத்தில் அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு இருமல் வந்தது. "இருமாதடி, எல்லாரும் பாக்கறாங்க" என்று அம்மா அதன் கையைக் கிள்ளினாள். வந்த இருமலைக் குழந்தை அப்படியே விழுங்கியது. கண்ணில் நீர் கட்டியது, சத்தம் வரவில்லை. அவர்கள் வாங்க வந்ததே இருமல் மருந்துதான்.

வீட்டுக்கு வந்து உலகத்தை அழித்தேன். பார்த்துக்கொண்டிருந்த இரவு வேலையையும் விட்டுவிட்டவனுக்குப் பகலில் செய்ய வேறு வேலை கிடையாது.

அந்தக் கொள்ளைநோய் முதலில் துறைமுகத்தில்தான்...

(வேண்டாம். எங்கே தொடங்கினால் என்ன, எல்லோரும் செத்தாயிற்று.)

வானம் சாம்பல் நிறமாக...

(உலகம் அழியும் கதைகளில் வானத்துக்கு வேறு நிறமே கிடைப்பதில்லை. கிருமிக்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம்? என் கதையில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது. துணி காய்கிறது.)

2

பிழைத்தவர்களைக் குகையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு மரச்சாமான் கடையில் குடிவைத்தேன். கட்டில், மெத்தை எல்லாம் தயார். குடும்பத்துக்கு ஒரு மாதிரிப் படுக்கையறை: மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் திறப்பு, மேலே கூரை இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை மாடி முழுக்கக் கேட்கும். அலமாரிகளில் உள்ளே பக்கமே இல்லாத புத்தகங்கள். மேசைமேல் அட்டையில் செய்த டிவி. டிவி என்றாலே அட்டைதான் என்று அங்கே பிறந்த பிள்ளைகள் நம்புகிறார்கள். சாயங்காலத்தில் பெரியவர்கள் அதன் எதிரே உட்கார்ந்திருப்பதையும் அவர்கள் பார்க்கிறார்கள்.

நாகரிகத்தை மறுபடி கட்ட ஆள் வேண்டும். பொறுப்பான எழுத்தாளர் என்றால் விஞ்ஞானி, விவசாயி என்று பொறுக்கி எடுத்திருப்பார். நோய் அப்படிப் பொறுக்கவில்லை. மிஞ்சியது ஒரு பல் டாக்டர், அதே கடையில் சோபா விற்றவர், லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த ஒரு பெண், இன்னும் கொஞ்சம் பேர். முதல் காரியமாகக் கமிட்டி அமைத்தார்கள். தண்ணீர் தேடியது அதற்குப் பிறகுதான். பல் டாக்டர் தலைவர், சோபாக்காரர் செயலாளர்.

3

சட்டம் ஒன்றுதான்: இருமினால் குறைதீர்ப்பு அறை.

வாடிக்கையாளர்கள் வந்து கத்துவதற்காகத் தரைத்தளத்தில் கட்டிய கண்ணாடி அறை அது. உள்ளே என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. நோய் கொன்றுகொண்டிருந்த காலத்தில் அந்தச் சட்டம் சரிதான். அது இல்லையென்றால் எழுத எனக்கு ஆளே மிஞ்சியிருக்காது. மெக்கானிக்கின் புருஷன் இருமிக்கொண்டே உள்ளே போனான், திரைச்சீலையில் சுற்றப்பட்டு வெளியே வந்தான்.* மகள் அப்போது அவள் வயிற்றில்.

(* நோயில் செத்தானா, பட்டினியில் செத்தானா என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.)

பிறகு நோய் போனது. அல்லது போனதாகத் தெரிந்தது. சட்டம் அப்படியே இருந்தது. இரண்டு மழைக்காலமாக ஒரு பிள்ளைகூட இருமவில்லை என்று கமிட்டி பூரித்துப்போனது.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பீரோக்களுக்குப் பின்னால் உட்கார்ந்து பயிற்சி எடுத்தார்கள். ஒருவர் மூக்கில் ஒருவர் மரத்தூளை ஊதுவார்கள். சத்தம் வந்தால் தோல்வி. இருமலைச் சுவடே தெரியாமல் விழுங்குவதில் மெக்கானிக்கின் மகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பட்டாணி என்று கூப்பிடுவார்கள். பிள்ளைகளின் திறமையைப் பெரியவர்கள் ஆரோக்கியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

(ஒவ்வொரு சமூகமும் தன் குழந்தைகளின் தொண்டையில்தான்... போதும். இப்படியே எழுதினால் பரிசு கிடைக்கும், கதை கிடைக்காது.)

4

நோய் ஒழிந்ததைக் கொண்டாட விழா ஏற்பாடானது. உறுதிமொழி வாசிக்கப் பட்டாணி. அன்று காலை அம்மா தலை வாரிவிட்டாள்.

"என்னடி, கழுத்து இப்படிக் கொதிக்குது?"

"ஒண்ணுமில்லம்மா."

"மூச்ச இழு. நல்லா இழு."

பட்டாணி இழுத்தாள், பாதியில் நின்றாள். தோள் குலுங்கியது, முகம் சிவந்தது. அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி சிரித்தாள்.

சீப்பு நின்றது. "எத்தன நாளா இது?"

"எல்லாரும்தாம்மா முழுங்கறோம். சோபா மாமா பையனுக்குத்தான் சரியா வராது, வாந்தி எடுத்துடுவான். நான் பண்ணா உனக்கே தெரியாதுல்ல?"

பெருமையாகத்தான் சொன்னாள்.

மெக்கானிக் நேரே பல் டாக்டரிடம் போனாள். அவர் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"சும்மா கேக்கறேன் டாக்டர். முன்னெல்லாம் சாதா சளின்னு ஒண்ணு வருமே, அதையும் இந்த நோயையும் எப்படிப் பிரிச்சுக் கண்டுபிடிப்பீங்க?"

"நான் பல்லு பாக்கறவன்மா."

"அப்ப நோய் போயிடுச்சுன்னு எத வெச்சு அறிவிச்சீங்க?"

"யாரும் இருமலையே."

சோபாக்காரர் குறுக்கே வந்தார். "நல்ல நாள் அதுவுமா என்னக்கா பேச்சு இது? உறுதிமொழிக்கு முதல்ல என் பையனத்தான் கேட்டாங்க. உங்க பொண்ணு பேர் வாங்கட்டும்னு விட்டுக்கொடுத்துட்டேன்."

ஏன் விட்டுக்கொடுத்தார் என்பது அவளுக்குப் புரிந்தது. அவள் பார்த்த பார்வையில், அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்தது. இருவரும் நாற்காலிகளைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

5

இந்த இடத்தில் நான் வெகுநாள் மாட்டிக்கொண்டேன். எழுதிக் கிழித்த முடிவுகள் இவை.

அ) பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். (எங்கே? கடைக்கு வெளியே நான் எதையும் எழுதிவைக்கவில்லை.)

ஆ) பல் டாக்டர் மருந்து கண்டுபிடிக்கிறார். (அவரைத்தான் பார்த்தீர்களே.)

இ) பட்டாணி மேடையிலேயே மூச்சு முட்டிச் சாகிறாள், கமிட்டி திருந்துகிறது. (வாசகரை அழவைக்க ஒரு குழந்தையைக் கொன்றால் போதும். நான் சோம்பேறிதான், அந்த அளவுக்கு இல்லை. தவிர, கமிட்டி எங்கேயாவது திருந்துமா?)

மெக்கானிக்கின்மேலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. புருஷனை அந்த அறைக்குள் அனுப்பியபோது வாய் திறக்காதவள் இப்போது என்ன செய்துவிடுவாள்? விழாவுக்கு அனுப்பிப் பார்த்தேன்.

6

இரண்டாம் மாடி. சோபாக்களின் பிளாஸ்டிக் உறையை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. யாராவது அசைந்தால் சரசரக்கிறது. டீப்பாய்மேல் பட்டாணி நிற்கிறாள். முதல் வரிசையில் அம்மா.

"நாங்கள் நோயற்ற தலைமுறை. நாங்கள்..."

நின்றுவிட்டாள். தோள் குலுங்கியது. விழுங்கினாள். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினாள். உதடு நீலமாகத் தொடங்கியது. பெரியவர்கள் கைதட்டினார்கள், உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று நினைத்தார்கள்.

மெக்கானிக் எழுந்து நின்று இருமினாள்.

பொய் இருமல். இவ்வளவு மோசமான நடிப்பை நான் பார்த்ததில்லை. யாராவது இருமினால் ஊதுவதற்காகக் கழுத்தில் மாட்டியிருந்த விசிலுக்குப் பல் டாக்டரின் கை போனது.

"யாரது?"

"நான்தான். சளி."

"உக்காரும்மா. உனக்கு ஒண்ணுமில்ல."

"இருக்கு டாக்டர். இன்னொரு தடவ காட்டவா?"

காட்டினாள். அப்புறம் மகளைப் பார்த்தாள். "நல்லா சத்தமா இருமு கண்ணு. உள்ள வெச்சுக்காத."

பட்டாணி இருமினாள். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம். உடனே பின்வரிசையில் சோபாக்காரரின் மகன். பிறகு தூணருகே ஒருத்தி. பிறகு எல்லாப் பிள்ளைகளும், எத்தனையோ நாளாகச் சேர்த்துவைத்ததை எல்லாம். நெருக்கி நிறுத்தினாலும் கண்ணாடி அறை பாதிப் பிள்ளைகளைக்கூடக் கொள்ளாது. பல் டாக்டர் விசிலை வாயில் வைத்தவர் வைத்தபடியே நின்றார்.

சோபாக்காரர் மகனைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "எனக்கும் காலைலேர்ந்து கொஞ்சம் கரகரன்னுதான் இருக்கு டாக்டர்."

7

சளியா, அந்த நோயா? அதைத்தானே கேட்கப்போகிறீர்கள்?

எதை வேண்டுமானாலும் ஒரே வரியில் எழுதிவிட என்னால் முடியும். சளி என்று எழுதினால் அவள் தியாகி. நோய் என்று எழுதினால் மிச்சமிருந்த மனிதர்களையும் ஒழித்துக்கட்டியவள். செய்த காரியம் என்னவோ ஒன்றுதான். எழுந்து நின்றபோது அவளுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியாததை உங்களுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்ல மாட்டேன்.

பெரியவர்களில் பாதிப் பேர் முகத்தை மூடிக்கொண்டு படியில் இறங்கி ஓடுகிறார்கள். அவள் டீப்பாய்மேல் ஏறி உட்கார்ந்து, மகளை மடியில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் படி ஏறி வந்து வாசலில் நிற்கிறீர்கள். முதல் வரிசையில் அவள் இடம் காலியாக இருக்கிறது. உட்காருவதென்றால் உட்காருங்கள், பிளாஸ்டிக் கொஞ்சம் சத்தம் போடும். இல்லையென்றால் வழியை விட்டு நில்லுங்கள், ஓடுகிறவர்கள் ஓடட்டும்.