பதினான்கு பாலங்கள்

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஓடுகிற மெஷினில் யாராவது கை வைத்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "நல்லாத்தானே ஓடுது, அதை ஏன் நோண்டுறே?" என்பதுதான் கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி.

எங்கள் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இரண்டு வருடமாக இன்டர்நெட் இல்லாமல் போனதும் அதனால்தான். கேபிளைக் கழற்றி, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஜன்னல் திரைக் கம்பியில் மாட்டி வைத்திருந்தார். கூடவே கம்பியில் ஒரு அட்டை. 'செருகாதே' என்று சிவப்பு மையில். லிஃப்டில் வேலை நடக்கும்போது சுவிட்சில் தொங்கவிடுவார்களே, அதே மாதிரி.

நான் செருகினேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஊர் இருந்தது. ஊர் கட்டுகிற விளையாட்டு. என் கணவரும் என் தம்பியும் ஐந்து வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்து கட்டியது. தம்பிக்குத் தலையெல்லாம் சுருள். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் ஆபீஸில் மட்டும்தான்; எங்களுக்கு அவன் சுருட்டை.

ஊருக்கு எதிரே கடலில் ஒரு தீவு. விளையாட்டில் தருகிற பாலமெல்லாம் நேர்க்கோடாகத்தான் போகும். நேராகப் போனால் நடுவில் ஒரு பாறை. சுருட்டை ஒரு மாதம் உட்கார்ந்து, பாறையைச் சுற்றி வளைந்து போகிற பாலம் ஒன்றை எழுதினான். இப்படி விளையாடுகிறவர்களே எழுதிச் சேர்க்கிற சமாச்சாரத்துக்கு 'மாட்' என்று பெயராம். பாலம் முடிந்த அன்று தீவில் முதல் கட்டடமாக ஒரு கடை வைத்தார்கள். பலகையில் 'அக்கா கண்ணாடிக் கடை'. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள்.

இதில் ஒரு தொல்லை. இந்த விளையாட்டை வாங்குகிற கடை இன்டர்நெட்டில் இருக்கிறது. விளையாட்டைச் செய்தவர்கள் மாதாமாதம் எதையாவது மாற்றுவார்கள். கடை நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் அந்த மாற்றத்தை இறக்கிவிடும். உடனே மாட் பொருந்தாது. பாலம் மாயமாகிவிடும். சுருட்டை இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு சரிசெய்து, இன்டர்நெட்டில் அதற்கென்று வைத்திருந்த ஒரு பக்கத்தில் போடுவான்; இவர் அங்கிருந்து இறக்கிக்கொள்வார். அந்த இரண்டு நாளும் என் கணவர் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு அப்டேட் வந்து, சுருட்டை பாலத்தைச் சரிசெய்து முடித்த மறுநாள், அவனுடைய மேனேஜரை எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தான். புது வேலை, புது மேனேஜர். பையன் பயந்துகொண்டே பரிமாறினான்.

"தம்பி கெட்டிக்காரர். ப்ராஜெக்ட் ஒண்ணு முழுசா இவர் கையில குடுக்கலாம்னு இருக்கேன்," என்றார் மேனேஜர்.

என் கணவர் சிரித்தார். "குடுங்க, குடுங்க. ஆனா ஒண்ணு சார், இவன் செஞ்சது எதுவும் மூணு மாசத்துக்கு மேல நிக்காது. எங்க வீட்டுப் பாலமே மூணு தடவ விழுந்துடுச்சு!"

மேனேஜரும் சிரித்தார். சுருட்டை சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான். அந்த ப்ராஜெக்ட் வேறு யாருக்கோ போனது. அந்தச் சிரிப்பினால்தான் போனதா, எனக்குத் தெரியாது. அவன் அப்படித்தான் நினைத்தான். ஒரு வாரத்தில் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன அன்று இவர் கேபிளைக் கழற்றினார். "இருக்குற பாலமாவது நிக்கட்டும்" என்றார். போன் பண்ணிப் பேசுங்களேன் என்றால், "சின்னப் பையன்தானே, கோவம் தணிஞ்சா அவனே வருவான்." பெரியவர் வீராப்பு. அவனும் சளைத்தவன் இல்லை.

அதற்குப் பிறகு இவர் ஞாயிறு காலையில் காபியோடு உட்காருவார். புதிதாக ஒரு தெரு போடமாட்டார், ஒரு மரம் நடமாட்டார். பஸ்கள் பாலத்தில் வளைந்து தீவுக்குப் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணிநேரம். அவ்வளவுதான்.

தம்பி என்னோடு வாராவாரம் பேசுவான். ஆரம்பத்தில் போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பான். "மாமா இன்னும் விளையாடுறாராக்கா?"

"ஆமாடா. ஞாயித்துக்கிழம ஆனா நம்ம ஊருதான்."

"சரிக்கா," என்பான். கேட்பதைச் சில மாதங்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டான். நான் அதைக் கவனித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

அவனுடைய பிறந்தநாளுக்கு முந்தின நாள், ஞாயிறு. காலை பத்து மணிக்கு எங்கேயோ மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று போன் வந்து இவர் ஓடினார். எனக்கு ஒரு யோசனை. பாலத்தையும் என் கடையையும் ஒரு படம் எடுத்து, 'மாமா அனுப்பச் சொன்னார்' என்று தம்பிக்கு அனுப்பினால் என்ன? ஒரு சின்னப் பொய். போனில் எடுத்தால் திரை கோடு கோடாக விழும். கம்ப்யூட்டரிலேயே எடுத்து அங்கிருந்தே அனுப்பிவிடலாம் என்று ரப்பர் பேண்டைக் கழற்றினேன்.

கேபிளைச் செருகிவிட்டு விளையாட்டைத் திறந்தேன். திறக்க ஏழெட்டு நிமிஷம் ஆனது. பழைய கம்ப்யூட்டர், மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். பிறகு ஒரு கட்டம் வந்தது: 'ஒரு மாட் இந்தப் பதிப்புக்குப் பொருந்தவில்லை. நீக்கிவிட்டுத் தொடரவா?' நான் வேலைபார்க்கும் கடையில் கண் பரிசோதிக்கிற மெஷின் நாள் முழுக்க இப்படித்தான் எதையாவது கேட்கும். படிக்காமல் 'தொடர்' தட்டித் தட்டிப் பழகிய விரல். தட்டிவிட்டேன்.

பாலத்தைக் காணோம்.

கரையோரத்தில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தீவில் ஒவ்வொரு வீட்டுக்கு மேலேயும் 'வழியில்லை' என்று சிவப்புக் குறி. அங்கே இங்கே தட்டிப் பார்த்தேன். நான் தேடிக்கொண்டிருக்கும்போதே மூலையில் எழுத்து மின்னியது: 'தானாகச் சேமிக்கப்பட்டது.'

மதியம் கை நிறைய கிரீஸோடு வந்தார். கம்பியில் கேபிள் இல்லாததை வாசலிலிருந்தே பார்த்துவிட்டார்.

"யார் செருகினது?"

"நான்தாங்க."

"அட்டை போட்டிருந்தேனே!"

"தெரியும். சுருட்டைக்கு ஒரு படம் அனுப்பலாம்னு..."

கத்துவார் என்று நினைத்தேன். கை கழுவினார். டூல் பையில் சிறு ஃப்யூஸ்கள் போடுகிற டப்பாவிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "ஸ்பேர் இல்லாம எவன் வேலைக்குப் போவான்?" ஊரின் பிரதியை அதில் வைத்திருக்கிறார்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிரதியைப் போட்டுத் திறந்தார். அதே கட்டம் வந்தது. ஊர் பழையது, விளையாட்டு புதியது. பழைய பதிப்பைக் கடை திருப்பித் தராது. புது விளையாட்டுக்குப் பழைய பாலம் பொருந்தாது.

"அவன் மாட் வச்சிருந்த பக்கத்தைப் பாருங்களேன். புதுசா ஏதாவது இருக்கும்," என்றேன்.

"எவனுக்காகப் போடுவான்? அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரியிற பக்கம்."

ஆனாலும் போனார். பக்கம் திறந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியல். எண்ணினேன். பதினான்கு.

முதலாவது, அவன் ஊரைவிட்டுப் போன பத்தாவது நாள் போட்டது. 'மாமா, அப்டேட் வந்துடுச்சு. பாலம் விழுந்திருக்கும். சரிபண்ணிட்டேன், இறக்கிக்கோங்க.'

அடுத்தது: 'மாமா, மறுபடி உடைச்சுட்டாங்க. இது புதுசு. பஸ் வேகத்தையும் கொஞ்சம் கூட்டியிருக்கேன்.'

அடுத்தது: 'மாமா, அக்கா கடைக்கு ராத்திரில லைட் எரியும். பாத்துட்டுச் சொல்லுங்க.'

போகப் போக வார்த்தை குறைந்தது. 'புது அப்டேட்டுக்கு.' 'இதுவும்.' பிறகு வெறும் எண்கள். கடைசியாக, எட்டு மாதத்துக்கு முன்னால்: 'இனிமே இதைத் தொடப்போறதில்ல மாமா. உங்களுக்கு வேணாம்னு புரியுது.'

ஒவ்வொன்றுக்கும் எதிரே, எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்கு. பூஜ்யம். பூஜ்யம். கீழே வரைக்கும் பூஜ்யம்.

இவர் கடைசிப் பதிப்பை இறக்கிப் பார்த்தார். எட்டு மாதத்தில் விளையாட்டு எத்தனையோ முறை மாறிவிட்டது. அதுவும் பொருந்தவில்லை.

"உன் போனைக் குடு," என்றார்.

மணி போனது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சொல்லுக்கா."

"நான்தான், மச்சான்."

"சொல்லுங்க. அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவ நல்லாத்தான் இருக்கா. பாலம் விழுந்துடுச்சுடா."

"எந்தப் பாலம்?"

"நம்ம பாலம்."

"அது எப்பவோ விழுந்திருக்குமே மாமா."

"இல்லடா, இன்னிக்குத்தான். நீ போன அன்னிக்கே கேபிளைக் கழட்டிட்டேன். எந்த அப்டேட்டும் வரல. நீ போட்டது எதையும் நான் பாக்கல. இப்பத்தான் பாத்தேன், பதினாலையும்."

சுருட்டை சிரித்தான். காற்று மட்டும் வருகிற சிரிப்பு. "நான் வேற நினைச்சேன். நீங்க விளையாடிட்டுத்தான் இருக்கீங்கன்னு அக்கா சொன்னா. அப்போ என் பாலத்தைத் தூக்கிட்டு, தீவையும் விட்டுட்டு, மிச்ச ஊர வச்சு ஓட்டுறீங்கன்னு நினைச்சேன்."

கேபிள் விஷயத்தை நான் அவனிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. ஜன்னலில் தொங்கும் ஒயரைப் பற்றி யார் போனில் பேசுவார்கள்?

"மறுபடி ஒரு தடவ சரிபண்ணித் தர்றியா?" என்றார் இவர். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"அந்த ஃபைல் எல்லாம் இல்ல மாமா. பழைய கம்ப்யூட்டரைக் குடுக்கும்போது அழிச்சுட்டேன். எப்படி எழுதினேன்னும் மறந்துபோச்சு."

"மச்சான், அன்னிக்கு உன் மேனேஜர் முன்னாடி நான்..."

"விடுங்க மாமா. பழசு." கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "வெளிய கிளம்பிட்டிருக்கேன், ஃப்ரெண்ட்ஸ் வெயிட் பண்றாங்க. அக்காகிட்ட அப்புறம் கூப்பிடறேன்னு சொல்லுங்க."

"நாளைக்கு உன் பொறந்தநாள்," என்றார் இவர். அதற்குள் அவன் வைத்துவிட்டான்.

சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்து, பட்டியலின் முதல் பாலத்தை இறக்கினார். பூஜ்யம் ஒன்றானது. இரண்டாவதை இறக்கினார்.

"எதுக்குங்க? எதுவுமே ஓடாதே."

"தெரியும்."

ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், இறங்கி முடிகிறவரை காத்திருந்து, அடுத்தது. நானும் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுருட்டை உட்காருகிற இடம் அது. பதினான்காவதும் ஒன்றானபோது குழம்பு ஆறிப்போயிருந்தது.

இவர் எழுந்து கம்பியிலிருந்த அட்டையைக் கழற்றி டூல் பைக்குள் போட்டார். கேபிளைத் தொடவில்லை. அது இன்றைக்கும் செருகியபடியே இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கிறார். பட்டியலில் பதினான்குதான் இருக்கிறது.